சுற்றாத ஸ்பிரிங்கும் நான்கு கடன்காரர்களும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்த கதை. பாதி என் கண்ணெதிரே நடந்தது, மீதி என் காதுக்கு நேராக வந்து சேர்ந்தது. இதில் பொய் இருந்தால் இந்த டீ என் தொண்டையில் இறங்காமல் நிற்கட்டும்.

சரி, இறங்கிவிட்டது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கதை சொல்ல உட்கார்ந்தால் எனக்கு வாய் கொஞ்சம் அகலம். ஆள் ஐந்தடி என்றால் ஏழடி என்பேன். நாய் குரைத்தது என்றால் கடித்துக் குதறியது என்பேன். அங்கங்கே நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். கடன் கணக்கில் மட்டும் ஒரு காசு கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். அதில் விளையாடினால் ஆட்கள் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

நம் ஷட்டர்காரரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் அவர் பக்கவாட்டில் நின்றிருப்பார். அவ்வளவு ஒல்லி. கடை வாசலில் மேலும் கீழும் ஓடுகிற இரும்புச் சுருள் கதவு இருக்கிறதே, அதைப் போடுவதும் பழுது பார்ப்பதும்தான் அவர் தொழில். இந்தத் தெருவில் நூறு கடை இருந்தால் நூற்றிப் பத்து ஷட்டர் அவர் போட்டது. தொழிலில் சுத்தம். வாயில்தான் ஒரு கோளாறு. யார் எப்போது என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருகிற ஒரே பதில், வியாழக்கிழமை. "ஷட்டர் எப்பங்க முடியும்?" வியாழக்கிழமை. "பாக்கி எப்பத் தருவீங்க?" வியாழக்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் கேட்டாலும் அதையேதான் சொல்வார், கேட்டவரும் ஏதோ ஒரு வியாழன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

கடன் எப்படி வந்தது? குடித்தாரா, சீட்டாடினாரா? ஒரு மண்ணும் இல்லை. ஏணியிலிருந்து விழுந்தார். முப்பதாவது படியிலிருந்து விழுந்தார் என்றுதான் நான் வழக்கமாகச் சொல்வேன். அந்த ஏணிக்கே பத்துப் படிதான் என்று ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டதால் இன்றைக்கு மூன்றாவது படி என்ற உண்மையைச் சொல்கிறேன். வலது மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதம் கட்டு. வலது கை இல்லாத ஷட்டர்காரர் யாருக்கு வேண்டும்?

விழுவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் இரும்புக்கடைக்காரரிடம் புது வெல்டிங் மெஷின் ஒன்றைக் கடனுக்கு எடுத்திருந்தார். அதோடு தகடு, ஸ்பிரிங், பைப் என்று எல்லாம் சேர்ந்து அங்கே நாற்பதாயிரம். கைக்கு மருத்துவம் பார்க்க ஸ்கூட்டர் அக்காவிடம் இருபதாயிரம். இந்த அக்கா ஸ்கூட்டரில் வந்து பணம் கொடுப்பார், ஸ்கூட்டரில் வந்து வட்டி வாங்குவார். அந்த வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டால் கடன் வாங்காதவனும் சந்துக்குள் ஒதுங்குவான். வட்டி ஏறி அந்த இருபது முப்பதாகிவிட்டது. மளிகைக்கடையில் பன்னிரண்டாயிரம். மனைவியின் அண்ணனிடம், அதாவது மச்சானிடம், வீட்டு வாடகைக்கு வாங்கியது பதினெட்டாயிரம். கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஒரு லட்சம். சில்லறை இல்லாத முழு லட்சம். கடனிலும் அவருக்குச் சுத்தம்தான்.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய பிறகு ஷட்டர்காரர் எட்டு மாதம் ஒளிந்து வாழ்ந்தார். நேர்த்தெருவில் நடப்பதே இல்லை. பின்சந்து, சாக்கடை ஓரம், பேக்கரியின் பின்வாசல், இப்படியே போய் இப்படியே வருவார். யாராவது கடன்காரர் எதிரே வந்தால் பக்கத்தில் எந்தக் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறதோ அதற்குள் குனிந்து நுழைந்துவிடுவார். குனிந்து குனிந்து முதுகே வளைந்துவிட்டது. ஒரு தடவை முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தவர், வெளியே இரும்புக்கடைக்காரர் பேசிக்கொண்டே நின்றதால், அரை மணி நேரத்தில் மூன்று தடவை முடி வெட்டிக்கொண்டார். மூன்று தடவை என்பது கொஞ்சம் அதிகம். மொட்டை அடித்துக்கொண்டது உண்மை.

இப்படி ஒளிந்தால் வேலை எங்கே வரும்? வேலையெல்லாம் இருப்பது நேர்த்தெருவில். அங்கே தலை காட்டினால் கடன்காரர் பிடிப்பார்கள், காட்டாவிட்டால் வேலை கிடையாது. வேலை இல்லாமல் கடன் எப்படி அடையும்? வளையத்துக்குள் ஓடுகிற எலி மாதிரி ஓடினார் மனிதர்.

அவருடைய வீட்டம்மா ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவர். ஒரு நாளைக்கு நூற்றி இருபது நோயாளிகள். எல்லாருக்கும் அவசரம், எல்லாரும் முதலில் வந்தவர்கள். காய்ச்சல்காரன் கத்துவான், பல்வலிக்காரன் மேஜையைத் தட்டுவான். இந்த அம்மா குரலை உயர்த்தாமல் அத்தனை பேரையும் நாற்காலியில் உட்கார வைப்பார். செத்துப்போனவரையே "உங்க நம்பர் வரட்டும், உக்காருங்க" என்று உட்கார வைத்ததாகக் கேள்வி. கழித்துக்கொள்ளுங்கள். அவருக்கு மளிகைக்கடை பாக்கி தெரியும், அண்ணன் கொடுத்தது தெரியும். இரும்புக்கடையில் இவ்வளவு என்று தெரியாது. ஸ்கூட்டர் அக்கா விஷயம் அறவே தெரியாது. கேட்டால் ஷட்டர்காரர், எல்லாம் வியாழக்கிழமை சரியாகிவிடும் என்பார்.

இந்த நிலைமையில் கண்ணாடிக்கடை வைக்கப்போகிற ஒருவர், அதோ அந்த மூலையில் காலியாகக் கிடந்த கடைக்குப் புது ஷட்டர் போடச் சொன்னார். நல்ல வேலை. முடித்த அன்றே முழுப்பணம் என்றார். எப்போது முடியும் என்று கேட்டார். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் தெம்பில் ஷட்டர்காரர் ஒரு காரியம் செய்தார். நான்கு கடன்காரர்களிடமும் தனித்தனியாக, "வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் காலிக்கடைக்கு வாங்க, கையில பணத்தோட நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். நான்கு பேருக்கும் அதே நாள், அதே மணி, அதே பணம். இரும்புக்கடைக்காரர் மட்டும் பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"வியாழக்கிழமை காசு வரலைன்னா மெஷினத் தூக்கிடுவேன். அப்புறம் என்னைச் சொல்லாதே."

வெல்டிங் மெஷின் போனால் போச்சு. அது இல்லாமல் ஒரு தகட்டைக்கூட இன்னொரு தகட்டோடு சேர்க்க முடியாது. கை முறிந்தபோது மூன்று மாதத்தில் கட்டுப் பிரித்தார்கள். மெஷின் போனால் அதற்குக் கட்டு கிடையாது.

வியாழக்கிழமை வந்தது. ஷட்டர்காரர் காலையிலேயே கடை வாசலுக்கு மேலே உருளையை ஏற்றி, இரும்புச் சுருளை அதில் மாட்டி, கீழே விழாமல் கயிற்றால் கட்டிவைத்திருந்தார். இனி ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும், கைப்பிடி வைக்க வேண்டும், வேலை முடிந்தது. வெல்டிங் மெஷினும் ஏணியும் முறுக்குகிற கம்பியும் வாசலுக்கு வெளியே. இவர் உள்ளே தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு இரும்புக்கடைக்காரர் தள்ளுவண்டி ஒன்றைத் தானே தள்ளிக்கொண்டு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஷட்டர்காரர் துடைப்பத்தைக் கீழே போட்டார். உள்ளே வாங்க, பேசிக்கலாம் என்று கூப்பிட்டார். அவர் உள்ளே வந்து வாயைத் திறப்பதற்குள் ஹாரன் சத்தம். ஸ்கூட்டர் அக்கா. அவர் பின்னாலேயே கணக்கு நோட்டோடு மளிகைக்காரர். அவருக்குப் பின்னால் மச்சான், வரும்போதே என் பெண்டாட்டி என்னை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள் என்று புலம்பிக்கொண்டு. கடைசியாக வீட்டம்மா. அவர் யாரும் கூப்பிட்டு வரவில்லை, கிளினிக்கில் இடைவேளை என்பதால் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டு வந்தார்.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே நிமிடத்தில் விளங்கிவிட்டது. பிறகு எழுந்த சத்தம் இருக்கிறதே, எதிர் பேக்கரியில் அடுப்பில் இருந்த ரொட்டி அமுங்கிப்போனது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். பேக்கரி ஆட்கள் மாவுக்கையோடு வெளியே வந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் எந்த நிமிடமும் வரலாம். வந்து இந்தக் கூத்தைப் பார்த்தால் இந்த வேலையும் போகும், பணமும் போகும்.

ஷட்டர்காரருக்கு மூளை வேலை செய்யவில்லை. கைதான் வேலை செய்தது. மானம் போகிற நேரத்தில் ஒரு ஷட்டர்காரர் கை என்ன செய்யும்? கயிற்றை அவிழ்த்தது.

டமார்.

அடுத்த தெருவில் இருந்த என் வீட்டுப் பாத்திரங்கள் ஆடின. உள்ளே கும்மிருட்டு இல்லை, மேலே சின்ன சன்னல் ஒன்று இருந்தது. ஆனால் சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதியில்தான் ஷட்டர்காரருக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. இருபது வருடத் தொழிலில் கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு.

"சரி, தெறய்யா" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"தெறக்க முடியாதுங்க."

"ஏன்?"

"ஸ்பிரிங் இன்னும் சுத்தல."

ஷட்டரைத் தினமும் ஒரு கையால் தூக்குகிறீர்களே, தூக்குவது உங்கள் கை இல்லை. மேலே முறுக்கி வைத்த ஸ்பிரிங்தான் தூக்குகிறது. அது முறுக்காமல் இருந்தால் ஷட்டர் வெறும் இரும்பு மூட்டை. படுத்த யானையை எழுப்புவதும் அதை எழுப்புவதும் ஒன்று. முறுக்குகிற கம்பி வெளியே கிடக்கிறது. வெளியிலிருந்து யாராவது தூக்கலாம் என்றால் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை, விரல் நுழைய இடமில்லை. பேக்கரி ஆட்கள் வந்து தடவிப் பார்த்துவிட்டு, ஷட்டரில் மாவுக் கை பதித்துவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. உள்பக்கம் அடியில் ஒரு இரும்புப் பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கிற ஆறு பேரில் ஐந்து பேர் அதைப் பிடித்து ஒரே மூச்சில் முட்டி உயரம் தூக்கினால், ஒல்லியான ஒருவர் அடியில் புகுந்து வெளியே போய் ஸ்பிரிங்கை முறுக்கலாம். அந்த ஒல்லியான ஒருவர் யார்? அந்த வேலை தெரிந்த ஒருவர் யார்? இரண்டும் ஒரே ஆள்தான்.

ஸ்கூட்டர் அக்கா கையைக் கட்டிக்கொண்டார். "நல்லா இருக்கே. நாங்க தூக்கிப் பிடிக்கணும், இவரு நழுவி ஓடணும். எட்டு மாசமா புடிக்க முடியாத ஆளு. எனக்கு என்னன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன்."

மெஷின் விஷயம் முடிவாகாமல் தானும் கை வைக்கப்போவதில்லை என்றார் இரும்புக்கடைக்காரர். மளிகைக்காரர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். ஐந்து பேரில் ஒருவர் குறைந்தாலும் ஷட்டர் அசையாது. ஆக, பேசி முடிக்காமல் யாரும் வெளியே போக முடியாது. பேசி முடிக்கலாம் என்றால், ஆளாளுக்கு வாய் இருந்தது, கேட்கக் காது இல்லை.

அப்போதுதான் வீட்டம்மா சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். அங்கே நான்கைந்து பெயிண்ட் டப்பாக்கள் கிடந்தன. அவற்றைச் சுவரோரமாக வரிசையாகக் கவிழ்த்தார்.

"உக்காருங்க" என்றார்.

என்னவோ தெரியவில்லை, நான்கு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஷட்டர்காரரும் உட்காரப் போனார். உங்களுக்கு டப்பா இல்லை, நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, தகட்டில் அளவு குறிக்க அவர் வைத்திருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவரிடமும் எவ்வளவு என்று கேட்டு ஷட்டரின் உள்பக்கத்தில் எழுதினார். நாற்பது. பன்னிரண்டு. பதினெட்டு. ஸ்கூட்டர் அக்கா முப்பது என்றதும் சாக்பீஸ் நின்றது. திரும்பிப் புருஷனை ஒரு பார்வை பார்த்தார். ஷட்டர்காரர் ஏணியிலிருந்து விழுந்தபோதுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

"இத வீட்டுல பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு முப்பதையும் எழுதினார்.

கீழே வரவைப் போட்டார். புருஷனுக்கு வாரத்துக்குச் சராசரி மூவாயிரத்து ஐநூறு, அதுவும் அவர் ஒளியாமல் நேர்த்தெருவில் வேலை செய்தால். தனக்கு ஆயிரத்து ஐநூறு. மொத்தம் ஐயாயிரம். பிறகு செலவு. வாடகை ஆயிரத்து நானூறு, சாப்பாட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு, பிள்ளையின் பள்ளிக்கும் பஸ்ஸுக்கும் ஐநூறு, மின்சாரம் மருந்து மற்றது முந்நூறு. இடையில் மளிகைக்காரர் நோட்டைப் புரட்டி, சாப்பாட்டுக்கு நீங்கள் ஆயிரத்து எண்ணூறில் நிற்பவர்கள் இல்லையே, போன வருஷம் ஒரு வாரம் முந்திரியே கால் கிலோ வாங்கியிருக்கிறீர்களே என்று மடக்கினார். இனி முந்திரியும் கிடையாது, கடனும் கிடையாது, வாங்குவதெல்லாம் கைக்காசு என்றார் வீட்டம்மா. கைக்காசு என்ற வார்த்தையைக் கேட்டதும் மளிகைக்காரரின் முகம் பல்ப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

மிச்சம் ஆயிரம். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"வாரம் ஆயிரம். இதுக்கு மேல எங்ககிட்ட இல்ல. பொய்யா ரெண்டாயிரம்னு சொன்னா ரெண்டு வாரம் வரும், மூணாவது வாரம் இவரு திரும்பவும் சந்துல ஓடுவாரு. யாருக்கு எவ்வளவு பாக்கியோ அந்த அளவுக்குப் பங்கு. நானூறு, முந்நூறு, நூத்தி எண்பது, நூத்தி இருபது."

மறுபடியும் சத்தம் கிளம்பியது. நூற்றி இருபதா என்று மளிகைக்காரர் நெஞ்சைப் பிடித்தார். மச்சான் எழுந்து வந்து தங்கையின் காதருகே, நாம் ஒரே ரத்தம், எனக்கு மட்டும் முதலில் முடித்துவிடு, உன் அண்ணி வாயை அடைக்கணும் என்று கெஞ்சினார்.

"அண்ணே, சொந்தக்காரங்களுக்குத் தனி டோக்கன் கிடையாது. போய் உக்காருங்க."

மச்சான் போய் உட்கார்ந்தார்.

இரும்புக்கடைக்காரர் மட்டும் அசையவில்லை. நானூறு நானூறாக வாங்கி நான் எப்போது கிழவனாவது, மெஷினை எடுத்து விற்றால் இன்றைக்கே பதினைந்தாயிரம் என் கையில் என்றார். அப்போது யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து அடி விழுந்தது.

"மெஷின நீ தூக்கிட்டுப் போனா என் நூத்தி இருபதுக்கு யாருய்யா வேலை செய்யறது? நீ செய்வியா?" இது மளிகைக்காரர்.

"எனக்கு முந்நூறு வரணும். அந்த மெஷின்ல கைய வெச்சே, பாரு" என்றார் ஸ்கூட்டர் அக்கா.

இரும்புக்கடைக்காரர் அவரிடம் திரும்பினார். "அதையெல்லாம் நீ பேசாதே. வாராவாரம் நீ வட்டிய ஏத்திக்கிட்டே போவே, என் பங்கையும் சேர்த்து உன் பை முழுங்கும். மொதல்ல அத நிறுத்து, அப்புறம் மெஷினப் பத்திப் பேசலாம்."

மற்ற இரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஸ்கூட்டர் அக்கா தன் தொழிலில் முதல் தடவையாகத் தனியாள் ஆனார். கொடுத்த இருபதுக்கு ஏற்கெனவே எட்டாயிரம் வட்டி வாங்கியாகிவிட்டது என்பதை ஷட்டர்காரர் நின்ற இடத்திலிருந்தே மெதுவாக ஞாபகப்படுத்தினார். அக்கா கைப்பையைத் திறந்தார், மூடினார், திறந்தார். முப்பதில் ஒரு காசு குறைக்க மாட்டேன் என்றார். குறைக்கச் சொல்லவில்லை, முப்பதோடு நிற்கட்டும் என்றார் வீட்டம்மா. கடைசியில் அக்கா, "நின்னு தொலையட்டும்" என்றார். இரும்புக்கடைக்காரர், மெஷின் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னொண்ணு. வீட்டு வாசல்லயோ, வேலை செய்யற எடத்துலயோ, தெருவுலயோ யாராவது வந்து கத்தினா, அந்த வாரம் அவங்க பங்கு மத்த மூணு பேருக்கும் போயிடும்." இதையும் எழுதி அடியில் கோடு போட்டார் வீட்டம்மா.

பிறகு தூக்கினார்கள். அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்து பேரும் வரிசையாகக் குந்தி, பட்டையில் விரலை மாட்டி, ஒன்று, இரண்டு, மூன்று. இரும்புக்கடைக்காரரின் சட்டைப் பொத்தான் மூன்று தெறித்தன. மச்சான் அம்மா என்றார். ஷட்டர் முனகிக்கொண்டு முட்டி உயரம் வந்தது. ஷட்டர்காரர் தரையோடு தரையாகப் பல்லி மாதிரி ஊர்ந்து வெளியே போனார். உடனே ஐந்து பேரும் கையை விட்டார்கள். டமார்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். கடன்காரர் நான்கு பேரும் உள்ளே. ஷட்டர்காரர் வெளியே. வெல்டிங் மெஷின் வெளியே. அதை ஏற்றிக்கொண்டு போகத் தள்ளுவண்டி, அதுவும் கடன்காரரே கொண்டுவந்தது, மெஷினுக்குப் பக்கத்தில். பின்சந்து பத்தடி தூரம். எட்டு மாதப் பழக்கத்தில் அவருடைய வலது கால் ஏற்கெனவே சந்துப் பக்கம் திரும்பியிருந்தது.

அவர் நின்றார். உள்ளே இருந்து ஸ்கூட்டர் அக்காவின் குரல் கேட்டது, போயிட்டானா என்று.

அவர் மனதில் அப்போது என்ன ஓடியது என்று பிறகு அவரே சொன்னார். எட்டு மாதமாக அவர் தலையில் ஒரு லட்சம் உட்கார்ந்திருந்தது. எதைச் செய்தாலும் லட்சம், எங்கே திரும்பினாலும் லட்சம். உள்ளே ஷட்டரில் அவர் மனைவி எழுதியிருந்தது ஆயிரம். ஆயிரம் அவருக்குத் தெரிந்த தொகை. இரண்டு பழைய ஷட்டருக்கு எண்ணெய் போட்டு, ஒன்றுக்குத் தகடு மாற்றினால் ஆயிரம். அதை அவர் கை பார்த்திருக்கிறது. லட்சத்தைக் கண்டு ஓடிய கால் ஆயிரத்தைக் கண்டு நின்றுவிட்டது.

ஏணியில் ஏறினார். கம்பியைச் சொருகி முறுக்கினார். ஒன்பது சுற்று. இறங்கிவந்து மெஷினைப் போட்டார், ஷட்டரின் வெளிப்பக்கம் கைப்பிடியை வைத்துப் பற்றவைத்தார். உள்ளே தீப்பொறி வெளிச்சம் தெரிந்ததும் எல்லாருக்கும் மூச்சு வந்தது என்று மச்சான் சொல்வார். கைப்பிடி ஆறினதும் இரண்டே விரலால் தூக்கினார். அவ்வளவு பெரிய ஷட்டர் பூ மாதிரி மேலே போனது. உள்ளே நான்கு கடன்காரர்களும் பெயிண்ட் டப்பாமேல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு மணிக்கு வந்து முழுப்பணத்தையும் கொடுத்தார். முதல் வாரப் பங்கு அங்கேயே பிரிந்தது. ஷட்டர் உள்பக்கம் என்ன கணக்கு என்று கேட்டதற்கு, அளவு குறித்தது என்று சொல்லித் துடைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஷட்டர்காரர் வாராவாரம் நேர்த்தெருவில் நடந்துபோய் நான்கு பேர் கையிலும் பணத்தைக் கொடுத்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம், அட, உயிரோடுதான் இருக்கிறாயா, என் கடை ஷட்டர் மக்கர் பண்ணுது என்று பிடித்துக்கொண்டார்கள். வேலை தன்னால் வந்தது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து அறுநூறுதான் தேறியது. அதையும் ஒளிக்காமல் அதே பங்கில் பிரித்தார்கள். மளிகைக்காரருக்கு எழுபத்திரண்டு. அவர் எழுபத்தைந்தாக வாங்கிக்கொண்டு மூன்றுக்கு மிட்டாய் கொடுத்தார்.

ஸ்கூட்டர் அக்கா ஒரே ஒரு தடவை, வேறு யார் மேலோ இருந்த கோபத்தில், தெருவில் வைத்து ஷட்டர்காரரைப் பார்த்துக் கத்திவிட்டார். அந்த வார முந்நூறு மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கு நூறாகப் போனது. அக்காவின் பாக்கியில் கழியவில்லை, அவருக்கு ஒரு வாரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆனால் மளிகைக்காரர் ருசி கண்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் வேலையே அக்காவைச் சீண்டுவதுதான். என்னக்கா, இந்த ஆளைச் சும்மாவா விடுறீங்க, எனக்கே ரத்தம் கொதிக்குது என்பார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா" என்று ஷட்டர்காரரைத் தேனாக விசாரித்துவிட்டுப் போவார். கடன்காரர்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் உசுப்பிவிட, நான்கு பேரும் அவரிடம் மரியாதையாக நடக்க, மூன்றாவது மாதத்தில் அவருக்கே கூச்சமாகிவிட்டது.

நூறு வாரம் என்று கணக்கு. இப்படிக் குறைந்த வாரங்களும் சேர்ந்து நூற்றி நான்கு வாரம் ஆனது. மச்சானின் மனைவி கடைசிப் பங்கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாராம். அதற்கு அடுத்த வியாழக்கிழமையும் ஷட்டர்காரர் பழக்கத்தில் மளிகைக்கடை முன்னால் போய் நின்றார். மளிகைக்காரரும் பழக்கத்தில் கையை நீட்டினார். கொடுக்க ஒன்றும் இல்லை, வாங்கவும் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் அப்படியே நின்று சிரித்தார்கள். பிறகு ஷட்டர்காரர் கைக்காசு கொடுத்துக் கால் கிலோ முந்திரி வாங்கிக்கொண்டு, நடுத்தெருவில், ஓரமாகக்கூட இல்லை, நட்ட நடுவில், ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

இவ்வளவும் அந்த இரும்புக்கடைக்காரரின் பெரிய மனசால்தான். அவர் முதலில் இறங்கி வந்து மெஷினை விட்டுக்கொடுக்கவில்லை என்றால்...

"யாரு மொதல்ல எறங்கி வந்தது?"

பெஞ்சின் கோடியில் இவ்வளவு நேரம் டீயை ஊதிக்கொண்டிருந்த மளிகைக்காரர்தான் கேட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மெஷின் இருக்கட்டும்னு மொதல்ல சொன்னது நானு. கத வேணும்னா ஒழுங்காச் சொல்லு."

"நீ சொன்னே. விட்டது யாரு? பதினஞ்சாயிரத்த விட்டது நானு" என்றார் பக்கத்துப் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரும்புக்கடைக்காரர். "நீ என்னத்த விட்டே? மூணு மிட்டாய."

"கால் கிலோ முந்திரிக்கு நான் வெல கொறச்சேன், தெரியுமா உனக்கு?"

"எவ்வளவு கொறச்சே?"

"அது எனக்கும் அவனுக்கும்."

அதற்குள் தெருவில் ஹாரன். ஸ்கூட்டர் அக்கா வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே எட்டிப் பார்த்தார். என்ன தகராறு என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். இன்ஜினை அணைத்தார், வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டார்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. வட்டிய நிறுத்தினவ நான் இங்க நிக்கிறேன். உங்க ரெண்டு பேருக்கும் வட்டின்னா என்னன்னு தெரியுமா?"

"இருபதுக்கு முப்பத்தெட்டு வாங்கினதுக்குப் பேரு நிறுத்தினதா?" என்று இரும்புக்கடைக்காரர் பேப்பரை மடித்தார்.

"மடிக்காதே. பேப்பர மடிச்சுட்டு என்ன பண்ணப்போறே?" என்றார் அக்கா.

"அக்கா, நீங்க பேசுங்க" என்றார் மளிகைக்காரர்.

"நீ பேசாதே. என்னைய மூணு மாசம் சீண்டிவிட்டது நீதானே?" என்று அக்கா அவர் பக்கம் திரும்ப, இவர்களை உட்கார வைக்க வீட்டம்மா இங்கே இல்லாததால், நான் இன்னொரு டீ சொன்னேன்.